மூன்று அங்குலத் துளை

மெல்பேர்னுக்கு வந்த புதிதில் வரதராஜாவுக்குக் கிடைத்த வேலை, செம்மறி ஆடு ஏற்றும் லொறிகளுக்குக் கூண்டு வரைபடம் கீறுவது. பேராதனையில் பொறியியல் படித்து, கொழும்பில் பாலங்களுக்கு வரைபடம் போட்டவன். ஆட்டுக் கூண்டென்று அவன் முகம் சுளிக்கவில்லை. எந்தத் தகட்டில் ஆட்டின் கால் வழுக்காது, மூத்திரம் எந்தச் சரிவில் வடியும் என்பதெல்லாம் கணக்குத்தான். மனைவி கமலினி ஃபுட்ஸ்கிரேயில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்கு நின்றாள். இரண்டு அறை வீடு, பழைய கார், ஊருக்கு மாதாமாதம் கொஞ்சக் காசு. குறையில்லை.

1977இல் கம்பெனிக்கு ஒரு பெரிய ஓடர் வந்தது. தென்கிழக்காசிய நாடொன்றின் தரைப்படைக்கு ஆள் ஏற்றும் லொறிகள் செய்து கொடுக்க வேண்டும். எந்த நாடு என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். அடிச்சட்டமும் எஞ்சினும் வேறிடத்திலிருந்து வரும். மேலே இரும்புப் பெட்டி கட்டிப் பச்சை அடித்துக் கொடுப்பதுதான் இவர்களின் வேலை. மனேஜர் கீத் அன்று எல்லாருக்கும் பியர் வாங்கிக் கொடுத்தார்.

முதல் லொறியைப் பார்க்க அந்தப் படையிலிருந்து ஒரு மேஜரும், அவருக்கு உதவியாக ஒரு லெப்டினன்டும் வந்தார்கள். மேஜர் லொறிக்குள் ஏறி, கைக்குட்டையால் பெஞ்சைத் துடைத்துவிட்டு இருந்து பார்த்தார். பிறகு எழும்பி, பெஞ்சுகள் வேண்டாம் என்றார். பக்கத்துச் சன்னல்களும் வேண்டாம். கூரைக்குக் கீழே காற்றுக்கு ஒரு கீற்று விட்டால் போதும். தரையில் இரண்டு வரிசையாக இரும்பு வளையங்கள் வைக்க வேண்டும். தரை பின்பக்கம் சரிய வேண்டும். கடைசியாக வடிகால் துளையைச் சப்பாத்து நுனியால் தட்டிக் காட்டினார்.

"இது சின்னது. மூன்று அங்குலம் வேண்டும்."

"எதற்கு அவ்வளவு பெரிது?" என்று வரதராஜா கேட்டான்.

"எங்கள் நாட்டில் மழை அதிகம்," என்று சொல்லி மேஜர் சிரித்தார்.

நாலு பக்கமும் மூடிய பெட்டிக்குள் மழை எப்படி வரும் என்று வரதராஜா யோசித்துக்கொண்டு நிற்க, அந்த லெப்டினன்ட் அவன் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, நீங்க தமிழா?"

பெயர் பழனிசாமி. முப்பது வயது இருக்கும். பாட்டன் காலத்தில் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன குடும்பம். பட்டாளத்தில் வாகனப் பிரிவில் இருந்தான். இரண்டு வாரமாக அவித்த உருளைக்கிழங்கும் ஆட்டிறைச்சியும் தின்று நாக்கு செத்துப்போய்விட்டது என்றான். அந்த ஊரில் அப்போது தமிழ்க் குரல் கேட்பதே அபூர்வம். வரதராஜா அவனை அந்தச் சனிக்கிழமையே மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டான்.

கமலினி சந்தைக்குப் போய் நீல நண்டு வாங்கி, ஊரிலிருந்து வந்த கறித்தூளைப் போட்டுக் குழம்பு வைத்தாள். பழனிசாமி ஒரு பெட்டி சொக்லேட்டோடு வந்தான். "அண்ணி" என்று கும்பிட்டான். குசினிக் குழாய் ஒழுகுவதைக் கண்டு, தானே சட்டைக் கையை மடித்து இறுக்கிவிட்டான். கமலினிக்கு அவனைப் பிடித்துவிட்டது.

சாப்பிடும்போது வரதராஜா சும்மா பேச்சுக்குத்தான் கேட்டான்.

"தம்பி, அந்த ஓட்டை ஏன் அவ்வளவு பெரிசு? உண்மையாய் மழைக்கோ?"

பழனிசாமி நண்டுக் காலைக் கடித்து, உள்ளே இருந்த சதையை உறிஞ்சினான்.

"மழையா? மேஜரு தமாஷ் பண்றாருண்ணே. இப்ப இருக்கிற லாரியில அரை இஞ்சு ஓட்டை. கழுவி விட்டா அடைச்சிக்குது."

"என்ன அடைக்குது?"

"எல்லாந்தான். துணி, மயிரு. நாங்க ஏத்துற ஆளுங்கள்ல பாதிப் பேரு பயத்துலயே வெளிக்குப் போயிடுறானுங்க. அப்புறம் ரத்தம் காஞ்சா பிசின் மாதிரி ஒட்டிக்கும். எங்க பையனுங்க கம்பியை விட்டுக் குத்திக் குத்தி எடுக்கணும். வெயில்ல அந்த வாடை இருக்கே, சோறே எறங்காது." சொல்லிக்கொண்டே தட்டை நீட்டினான். "அண்ணி, இன்னும் கொஞ்சம் கொழம்பு."

கமலினி அகப்பையோடு ஒரு கணம் நின்றாள். பிறகு ஊற்றினாள்.

"ஆரை ஏத்துறது?" என்று வரதராஜா கேட்டான். அவனுடைய கை சோற்றிலேயே இருந்தது.

"கலகக்காரனுங்கண்ணே. கிராமம் கிராமமா வளைச்சுப் பிடிக்கிறது. சில சமயம் கலகம் பண்ணாதவனும் மாட்டிக்குவான். அதையெல்லாம் பிரிச்சிக்கிட்டிருக்க நேரம் ஏது?" திடீரென்று ஞாபகம் வந்தவனாகச் சிரித்தான். "ஒரு தடவை நம்ம ஆள் ஒருத்தன் மாட்டிக்கிட்டான். தோட்டத்துக் கிராணி, கணக்கெழுதுறவன். என் சட்டையில பேரைப் பாத்துட்டான். ‘தம்பி, தம்பி, நீ சொன்னாக் கேப்பாங்க, எனக்குப் பொம்பளப் புள்ளைங்க இருக்கு’ன்னு தமிழ்ல கெஞ்சுறான். மத்தவனுங்க எல்லாம் என்னையே பாக்குறானுங்க. எனக்கு மானமே போச்சுண்ணே."

"பிறகு?"

"பிறகென்ன? ஏறுன்னேன்."

விரல்களை ஒவ்வொன்றாகச் சூப்பிவிட்டு, நண்டு ஓடுகளைத் தட்டின் ஓரத்தில் ஒழுங்காகக் குவித்தான். வரதராஜா அந்தக் குவியலைப் பார்க்கமாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எத்தனையோ நாளாக வெளியில் கேட்க ஏங்கிய தமிழ் இது. அது தன் மேசையில் இப்படி வந்து சிந்திக் கிடக்கிறதே என்றிருந்தது.

பழனிசாமி போன பிறகு கமலினி சன்னல்களையெல்லாம் திறந்துவிட்டாள். மிச்சக் குழம்பைச் சட்டியோடு கொண்டுபோய்ப் பின்வளவுக் குப்பை வாளிக்குள் கவிழ்த்தாள். அவன் இருந்த கதிரையை ஈரத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

"அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் இரண்டாந்தரம் ஊத்தினனான்," என்றாள். "எனக்கு என்ர கையைப் பார்க்க அருவருப்பாய்க் கிடக்கு."

"நான் அதைக் கீறமாட்டன், கமலினி."

"நீங்கள் கீறாட்டி வேற ஆள் கீறாதோ?"

"கீறுவினம்."

"அப்ப?"

"என்ர கையால வேண்டாம்."

அவள் ஈரத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். பிறகு, "வேலை போனாலும் பரவாயில்லை. போய்ச் சொல்லுங்கோ," என்றாள்.

திங்கட்கிழமை காலை வரதராஜா நேரே கீத்தின் அறைக்குப் போனான். கேட்டதை ஒன்றுவிடாமல் சொன்னான். கீத் கெட்ட மனிதரல்ல. கமலினிக்குக் காய்ச்சல் வந்தபோது தன் காரையே கொடுத்தவர். முகம் சிவக்க எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடிந்ததும் மேஜரையும் பழனிசாமியையும் அழைப்பித்தார். வரதராஜா ஒரு நிமிஷம் நம்பினான்.

"லெப்டினன்ட், இந்த வண்டி எதற்கென்று நீங்கள் இவரிடம் ஏதாவது சொன்னீர்களா?"

பழனிசாமி விறைப்பாக நின்றான். "நண்டுக் கறியைப் பற்றிப் பேசினோம், சேர். மிக நல்ல கறி."

மேஜர் வாய்விட்டுச் சிரித்தார். கீத்தும் சிரித்தார். அது பேச்சைச் சிரித்து முடிக்கக் கிடைத்த ஒரு சாட்டு என்பது அவருடைய கண்ணிலேயே தெரிந்தது.

இருவரும் வெளியே போனதும் கீத் குரலைத் தாழ்த்தினார். "நீங்கள் இரண்டு பேரும் உங்கள் மொழியில் பேசியது எனக்கு விளங்காது, ராஜா. எனக்குத் தெரிந்தது வடிகால் மட்டும். முப்பது வருஷமாக ஆட்டு லொறிக்குத் துளை போடுகிறேன். துளை துளைதான்."

"ஆட்டை நாங்கள் தரையில் வளையம் வைத்துக் கட்டுவதில்லையே."

கீத் சன்னலுக்கு வெளியே பார்த்தார். "இங்கே நாற்பது குடும்பம் இந்த ஓடரில் சாப்பிடுகிறது. நீ கீற வேண்டாம். ரொன் கீறட்டும். நீ திரும்ப ஆட்டுக் கூண்டுக்குப் போ. சம்பளம் குறையாது."

ரொன் பக்கத்து மேசைக்காரன். எதுவும் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே கீறி முடித்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டான். அப்படிச் சுலபமான வேலை அது.

பின்னேரம் வரதராஜா முற்றத்துக்கு வந்தபோது முதல் லொறியின் தரையை வாயுச் சுடரால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டிய இரும்பு வட்டம் செக்கச்சிவந்து கீழே விழுந்தது. பழனிசாமி தனியாக அவனிடம் வந்தான். அவனுடைய கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன.

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணக் கூடாதுன்னு சொல்வாங்க. சோறு போட்ட வீடே இப்படிப் பண்ணலாமாண்ணே? சொந்த அண்ணன் மாதிரி நெனச்சுத்தானே மனசு விட்டுப் பேசுனேன்."

"அவற்ற பேர் என்ன?" என்று வரதராஜா கேட்டான்.

"யாரு பேரு?"

"உன்னட்டத் தமிழில கெஞ்சினவர்."

பழனிசாமி குழம்பிப்போய் அவனைப் பார்த்தான். "பேரெல்லாம் யாருண்ணே கேக்குறா?"

இவனை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது வரதராஜாவுக்கு. ஆனால் இவன் கன்னத்தில் தன் கை படும் என்ற நினைப்பே அவனுக்குக் கூசியது. திரும்பி நடந்தான். "அண்ணே, ஆபீஸ்ல நான் மாத்திச் சொன்னதை அண்ணிக்கிட்ட சொல்லாதீங்க, தப்பா நெனச்சுக்குவாங்க," என்று பழனிசாமி பின்னாலிருந்து சொன்னது கேட்டது.

ஆட்டுக் கூண்டுகளுக்குத் திரும்பிப் போகத்தான் அவன் முதலில் நினைத்தான். மூன்று நாள் இருந்தும் பார்த்தான். பென்சிலைப் பிடித்து ஒரு தரையைக் கீறத் தொடங்கினால், சரிவும் துளையும் வரும் இடத்தில் கை நின்றுவிடும். தான் முன்பு கீறிய ஆட்டுக் கூண்டு வரைபடங்களிலிருந்துதான் ரொன் அந்தப் படை லொறியின் சரிவை எடுத்திருக்கிறான் என்று தெரிந்த அன்று வரதராஜா வேலையை விட்டான்.

கீத் வாசல்வரை வந்து கையைக் குலுக்கினார். நேர்மையானவன், திறமைசாலி என்று ஒரு நற்சான்றும் எழுதிக் கொடுத்தார். அதைக் கிழித்தெறிய வேண்டும் போல இருந்தாலும் வரதராஜா மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். அதைக் காட்டித்தான் இரண்டு மாதம் கழித்து ரயில்வேயில் ஒரு படி குறைந்த வேலைக்குச் சேர்ந்தான்.

ஊர்க்காரர் சிலர் அவனை விசரன், புத்தி கெட்டவன் என்றார்கள். இப்போதுதான் இந்த நாடு எங்களுக்குக் கதவு திறந்திருக்கிறது, வந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாதா என்றார் தெரிந்த கணக்காளர் ஒருவர்.

அடுத்த வருஷம் சித்திரையில் லொறிகள் கப்பலேறின. அன்று அவன் வேலைக்குப் போன ரயில் துறைமுகப் பக்கத்தால்தான் போனது. அந்தப் பச்சை லொறிகள் வரிசையாகத் தெரிந்தன. சன்னலோரத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி, "எவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறார்கள்," என்று அவனிடம் சொன்னாள். அவன் எழும்பி, ரயிலின் அடுத்த பெட்டிக்குப் போய் நின்றுகொண்டான்.