முக்கோணத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி

1

இந்தக் கதை என் ஸ்வெட்டர் சுருங்கியதில் பிறந்தது. இப்போது அந்த ஸ்வெட்டர் நான் தங்கியிருக்கும் விடுதியின் பூனைக்குக் கச்சிதமாக இருக்கிறது. உள்ளே தைத்திருந்த சலவைக் குறிப்பில் வட்டம், சதுரம், முக்கோணம். கணக்குப் பாடம் என்று விட்டுவிட்டேன்.

முதல் தொடக்கம்: 'கான்பெராவின் உறைபனிக் காலையில் ரோஸ்லினின் விழிகள்...' (வேண்டாம். விதிமுறைக் கதையில் விழிகளுக்கு என்ன வேலை?)

2

ரோஸ்லின் அரசு ஊழியர். ஆடைகளில் சலவைக் குறிப்பைச் சொற்களால் எழுதியே தீரவேண்டும் என்ற பழைய விதியை எளிமையாக்குகிறாள். இனி படங்களே போதும். மக்களுக்குப் படம் புரிகிறது என்று காட்டிவிட்டால் வேலை முடிந்தது.

(முதலில் இவளைக் கல்நெஞ்சக்காரியாக எழுதினேன். கதை நகரவில்லை. ஓர் அப்பாவைக் கொடுத்தேன்.)

அப்பா நெவில், கான்பெராவுக்குத் தெற்கே கூமா என்ற சிற்றூரில் தனியாக இருக்கிறார். மனைவி இறந்த பிறகுதான் சலவை இயந்திரத்தோடு அறிமுகம். சோதனைக்காக, சலவைக் குறிப்பில் படம் மட்டும் போட்ட சட்டைகளை மகள் அனுப்பினாள். அதுவரை கிறிஸ்துமஸுக்கு மட்டும் பேசியவர், சனிக்கிழமைதோறும் கூப்பிட ஆரம்பித்தார்.

"முக்கோணத்து மேல பெருக்கல் குறி போட்டிருக்கான்மா. என்னது?"

"ப்ளீச் போடக்கூடாதுப்பா. போன வாரமும் இதைத்தான் கேட்டீங்க."

"அப்படியா. உன் ஊர்ல குளிர் எப்படி?"

பிறகு மேக்பை பறவை தபால்காரரைக் கொத்தியது, உள்ளூர் அணி ரக்பியில் தோற்றது என்று பேச்சு நீளும்.

3

ஒரு ஞாயிறு ரோஸ்லின் கூமா போனாள். சமையலறை ஜன்னல் வழியே பேச்சு கேட்டது. பக்கத்து வீட்டு மேவிஸ் வேலிக்கு மேலே ஒரு கார்டிகன் ஸ்வெட்டரை நீட்ட, அப்பா கண்ணாடிகூடப் போடாமல் சொன்னார்: "சதுரத்துக்குள்ள வட்டம், ஒரு புள்ளி. மெஷின்ல காயவைக்கலாம். சூட்டைக் குறைச்சு வை."

தேநீர் குடிக்கும்போது ரோஸ்லின் கேட்டாள்: "படமெல்லாம் புரியுதாப்பா? சோதனை அறிக்கையில உங்க பதிலையும் சேர்க்கணும்."

புரிகிறது என்றால் சனிக்கிழமை அவருக்குக் கேட்க ஒன்றுமிருக்காது. புரியவில்லை என்றால் சொற்களே நிலைக்கும். அப்போதும் கேட்க ஒன்றுமிருக்காது.*

நெவில் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "புரியுதும்மா. உன் வேலை கெடக்கூடாது."

* இந்தச் சிக்கலை நான் திட்டமிடவில்லை. அரசாங்க விதிகளின் இயல்பு அது.

4

விதி மாறியது. சனிக்கிழமை வந்தது. போன் வரவில்லை.

முடிவு ஒன்று: ரோஸ்லின் அழுதாள். (அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: பதவி உயர்வு. (இதையும்.)

இப்போது அவள் ஒரு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவின் எண்ணை அழுத்தியிருக்கிறாள். சதுரத்துக்குள் மூன்று கோடு. அது என்னவென்று விதி எழுதியவளுக்குத் தெரியாதாம். அப்பாவிடம் கேட்க வேண்டுமாம்.

கூமாவில், கூடத்தில், போன் மணி அடிக்கிறது. நெவில் பின்கட்டில் ஈரத்துணியோடு கொடியடியில் நிற்கிறார். அவரை உள்ளே அழைத்து வருவதை உங்களிடம் விடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம். மெதுவாக நடப்பவர்.