பிரைவேற்

எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் பதவிக்கு எனக்குத் தெரிந்து போட்டி இருந்ததில்லை. அதிபர் ஒரு பெயர் சொல்வார், யாராவது வழிமொழிவார்கள், பிறகு எல்லோருக்கும் ரோல்சும் தேத்தண்ணீரும். இந்த வருடம் நான் நின்றேன். பழைய மாணவி. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் எடுத்தவள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் இருந்துவிட்டுப் போன மாதம்தான் உடுப்பிட்டிக்குத் திரும்பியிருந்தேன்.

எதிரில் நின்ற பிரகலாதன் வங்கி முகாமையாளர். இரண்டு நிமிடம் பேசினார். மைதானத்துக்கு விளக்குப் போடுவாராம். கைதட்டினார்கள்.

நான் வாசலில் கட்டியிருந்த பதாகையைப் பற்றிப் பேசினேன். சாதாரண தரப் பரீட்சையில் நூறு வீதச் சித்தி என்று அதில் போட்டிருந்தது.

“போன வருசம் பதினோராம் வகுப்பிலை எழுபத்தொரு பிள்ளையள். பள்ளிக்கூடத்தாலை சோதினை எழுதினது ஐம்பத்தேழு. மிச்சப் பதினாலும் எங்கை?”

“கம்பஸ் முடிச்சவைக்குக் கழித்தல் கணக்கும் வருமோ!” பின்வரிசையிலிருந்து முருகேசு அண்ணை கத்தினார். லொறி ஓட்டுகிறவர். சிரிப்பு எழுந்தது.

அதிபர் சோமசேகரம் கதிரையை விட்டு எழும்பவில்லை. “ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் தாங்களா விரும்பிக் கையெழுத்து வைச்ச கடிதம் இருக்கு, தக்சாயினி.”

அந்தக் கடிதம் எனக்குத் தெரியும். படிப்பில் பின்தங்கிய பிள்ளையைப் பாடசாலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, தனிப்பட்ட பரீட்சார்த்தியாக, அதாவது பிரைவேற்றாக, எழுதச் சொல்வார்கள். அந்தப் பிள்ளை கோட்டைவிட்டால் பாடசாலைக் கணக்கில் சேராது. விண்ணப்பம் போனபிறகு வகுப்புக்கும் வரத் தேவையில்லை என்று அனுப்பிவிடுவார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“எந்தத் தாய்தேப்பன் சேர் உதை விரும்பிக் கேட்பினம்? என்ன எழுதியிருக்கெண்டு பாராமல், காட்டின இடத்திலை கையெழுத்து வைக்கிற மடைச் சனம்தான் வைக்கும்!”

மூன்றாவது வரிசையில் அம்மா எழுந்தார். காலையில் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்றுவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு எனக்குக் கை உயர்த்த வந்திருந்தவர்.

“தக்சா, அப்பிடிச் சொல்லாதை பிள்ளை. சேர் நல்லதுக்குத்தான் செய்யிறவர். எங்கடை கௌரிக்கும் இந்தமுறை பிரைவேற்றாத்தான் ஒழுங்குபண்ணித் தந்திருக்கிறார். போன கிழமை நான்தான் கையெழுத்து வைச்சனான்.”

சிவகௌரி என் தங்கை. ஒரே அறையில் என் பக்கத்தில் படுக்கிறவள். இந்தக் கடிதத்தை என்னிடமிருந்து மறைத்திருக்கிறாள்.

“பிரைவேற்றா எண்டால்… என்னெண்டு நினைச்சனீங்கள் அம்மா?” ஒலிவாங்கி என் வாயருகிலேயே இருந்தது. கேள்வி மண்டபம் முழுக்கக் கேட்டது.

“கவுண்மேந்து ஆஸ்பத்திரியிலை நாள் முழுக்கக் காய வேணும். பிரைவேற்றிலை உடனை பாக்கினம். ரியூசனும் அப்பிடித்தானே. சோதினையும் பிரைவேற்றா எடுத்தாப் பிள்ளையை வடிவாக் கவனிப்பினம் எண்டு…”

மண்டபம் வெடித்தது. முருகேசு அண்ணை தொடையில் அடித்துச் சிரித்தார். பிரகலாதன் கைக்குட்டையால் வாயைப் பொத்தினார். அம்மாவும் ஏதோ பகிடி நடந்ததென்று நினைத்து மெல்லச் சிரித்தார்.

நாலு வருடம் தொலைபேசியில் “சாப்பிட்டியளோ” என்று மட்டும் கேட்டவள் நான். வெள்ளிக்கிழமை விண்ணப்பம் முடிகிறது. இன்றைக்குச் செவ்வாய்.

“அம்மா, அது நல்ல சோதினை இல்லை. கௌரி பெயிலாப் போவாள், அவள் தங்கடை பிள்ளை இல்லையெண்டு பள்ளிக்கூடம் எழுதி வாங்கின கடிதம். இனி அவளை வகுப்புக்கும் எடுக்க மாட்டினம்.”

சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக நின்றது. அம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு மட்டும், எங்கே போவதென்று தெரியாமல், கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

“அப்ப… பிள்ளையைக் கலைச்சுப்போட்டினமோ?”

“ஓம் அம்மா.”

பின்வரிசையில் கதிரை கிறீச்சிட்டது. முருகேசு அண்ணை எழுந்து நின்றார். “சேர், என்ரை மகளுக்கும் பிரைவேற் எண்டுதானே சொன்னனீங்கள்?” இப்போது அவருடைய குரலில் பகிடி இல்லை.

“அதெல்லாம் பிறகு கதைப்பம். நேரம் போகுது. வாக்கெடுப்பு!” என்றார் அதிபர்.

பிரகலாதனுக்கு எண்பத்தாறு கைகள். எனக்குப் பத்தொன்பது. அம்மா யாருக்கும் உயர்த்தவில்லை. எண்ணிக்கொண்டிருக்கும்போதே நடந்துபோய் அதிபரின் மேசையில் கையை நீட்டிக்கொண்டு நின்றார். வெங்காயச் சருகின் நிறம் ஏறிய கை.

“என்ரை கடிதத்தைத் தாங்கோ.”

“அது அலுவலகக் கோப்பிலை அம்மா, நாளைக்கு…”

“நாளைக்கு எனக்குத் தோட்டம். இப்ப தாங்கோ.”

தேத்தண்ணீர் வந்தது. ரோல்ஸ் வந்தது. அம்மா அசையவில்லை. முருகேசு அண்ணையும் பக்கத்தில் போய் நின்றார். கடைசியில் அதிபர் எழுதுவினைஞரை அனுப்பிக் கோப்பை எடுப்பித்தார். அம்மா கடிதத்தை வாங்கி, கையெழுத்து தன்னுடையதுதானா என்று பார்த்து, மடித்து இடுப்பில் செருகினார். “என்ரை பிள்ளையின்ரை பேரைப் பள்ளிக்கூடப் பட்டியலிலை திருப்பி எழுதுங்கோ. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்.” எழுதுவினைஞர் அதிபரைப் பார்த்தார். அதிபர் தலையாட்டினார். ‘சிவகௌரி’ என்று எழுதி முடியும்வரை அம்மா பேனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வாசலில் நான் சைக்கிளைத் திருப்பினேன். “ஏறுங்கோ அம்மா.”

“நீ போ.”

“அம்மா, மடைச் சனமெண்டு நான் சொன்னது உங்களை இல்லை…”

“வேறை ஆரை?”

அம்மா முருகேசு அண்ணையின் மனைவியோடு கதைத்தபடி ஒழுங்கையால் நடந்துபோனார்.