யுரேனியத்தின் மேல் பழி

"சூடாக்கினா உலோகத்தோட விறைப்பு குறையும். யுரேனியத்துக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்று ஆய்வகத்தில் கத்திவிட்டுத்தான் காஞ்சிபுரத்துக்குக் கிளம்பி வந்தேன். ஒரு யுரேனியக் கம்பியை நூலில் தொங்கவிட்டு, தட்டி, அது எழுப்பும் ஒலியின் சுருதியை அளக்கிறோம். சூடு ஏற ஏற விறைப்பு குறைந்து ஒலி இறங்க வேண்டும். எங்கள் கம்பியில் ஏறியது. கூட வேலை செய்யும் ஆதிகேசவன் இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று கட்டுரையே எழுதத் தொடங்கிவிட்டான். எனக்கு எரிச்சல்.

ஞாயிறு காலை எங்கள் தெருவில் பாவு விரித்திருந்தார்கள். கஞ்சி தோய்த்து நீளமாக இழுத்துக் கட்டிய ஈரப் பட்டு இழைகளை நானும் அண்ணி சங்கரியும் நீவிக்கொண்டிருந்தோம். வெயில் ஏறியதும் அண்ணி போய் முனைக் கயிற்றைத் தளர்த்தினாள்.

"இன்னா அண்ணி, அதுக்குள்ள அவுக்கிறீங்க?"

"ஈரம் காஞ்சா பட்டு இறுகிக்கும் ஜீவிதா. பொறந்ததுல இருந்து பாத்துக்கினுதானே இருக்குற?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தும் என்ன? ஆய்வகத்து நூலை நம்பாமல் எங்கள் வீட்டுப் பட்டு நூலைக் கொண்டுபோய், பாவு கட்டுவதுபோலத் தொய்வில்லாமல் இழுத்து, அந்தக் கம்பியைக் கட்டியவள் நான்தான். சூட்டில் நூல் காய்ந்து கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கிறது; அதனால்தான் ஒலி ஏறியிருக்கிறது.

உடனே ஆதிகேசவனுக்குப் போன் போட்டேன்.

"கட்டுரையை நிறுத்துபா. யுரேனியம் ஒழுங்காத்தான் இருக்குது, இறுகினது என் நூலு. நூலுக்குப் பதிலா மெல்லிசு எஃகு இழையில தளர்வா தொங்கவுட்டுத் தட்டிப் பாரு. ஒலி இறங்கும்."

"அப்போ நம்ம கண்டுபிடிப்பு?"

"இருக்குதே. நெசவுக்காரன் வீட்டுப் பொண்ணு கையில முடிச்சு போடக் குடுக்காத."