ராசியான இடம்

"சிலேட்டைக் கீழ வையி. இன்னிக்குக் களை எடுக்கப் போவணும், பொறப்படு." கஞ்சிக் கலயத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தாயம்மா சேலையை வரிந்து கட்டினாள்.

"நான் வரமாட்டேம்மா. இன்னிக்கு இன்ஸ்பெக்டரு வர்றாரு" என்றாள் மகள் வேம்புலியம்மாள்.

"அவரா வந்து கஞ்சி ஊத்தப் போறாரு?"

"பாஸ் போட்டா சர்க்காரு உபகாரச் சம்பளம் குடுக்குமாம். வாத்தியாரு சொன்னாரு."

தாயம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி. பாஸ் போட்டா படி. இல்லாங்காட்டி நாளையிலிருந்து எங்கூட வந்துகினே இரு."

பத்து வயதுப் பெண்ணுக்கு அதற்குமேல் கஞ்சி இறங்குமா? சிலேட்டை அணைத்துக்கொண்டு பருத்திப்பட்டு ஏரிக்கரை மேல் ஓட்டமாக ஓடினாள்.

பள்ளிக்கூடத்துக்கு இரண்டே அறை. ஒன்றில் மூன்றாம் வகுப்பு, மற்றதில் நான்காம் வகுப்பு. வேம்புலியம்மாளின் பெயர் மூன்றாம் வகுப்பில் இருந்தது, ஆள் மட்டும் வெளியே இருந்தாள். சேரிப் பெண்ணை உள்ளே விடக் கூடாதென்று ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடி, மூளையைக் கசக்கி, இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவே சுவரோரம் ஒரு முழம் மண்தரையை அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அங்கே உட்கார்ந்தால் இரண்டு வகுப்பும் காதில் விழும் என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டார்கள். இந்தக் காதில் வாய்ப்பாடு, அந்தக் காதில் நதிகள். முதல் மாதம் ஏழெட்டு எத்தனை என்று கேட்டால் காவேரி என்று சொல்லி உதை வாங்கினாள். அப்புறம் தெளிந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் வந்தார். நான்காம் வகுப்பில் மூன்று வருஷமாகக் குடியிருக்கும் நாகேந்திரனை எழுப்பி, "கோதாவரி எங்கே உற்பத்தியாகிறது?" என்றார். நாகேந்திரன் கூரையைப் பார்த்தான். அங்கே எழுதியிருக்கவில்லை.

"நாசிக் பக்கத்துல, சார்!"

குரல் ஜன்னலுக்கு வெளியிலிருந்து வந்தது. இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். கணக்குக் கேட்டார், சொன்னாள். கம்பி வழியாகப் புத்தகத்தை நீட்டினார், தடுமாறாமல் படித்தாள்.

"இந்தப் பெண் ஏன் வெளியே இருக்கிறாள்?"

"காற்றோட்டமா இருக்கட்டும்னுதான் சார்" என்றார் கங்காதரன் வாத்தியார்.

இன்ஸ்பெக்டர் அவளை நான்காம் வகுப்புக்கு ஏற்றி, உபகாரச் சம்பளத்துக்கும் எழுதிவிட்டுப் போனார். நாகேந்திரன் மறுபடியும் பெயில்.

மறுநாள் காலை நாகேந்திரனின் அப்பா ஜம்புலிங்கம் வந்து நின்றார். பள்ளிக்கூடக் கட்டடமே அவருடையது.

"வாத்தியாரே, எம் புள்ள உள்ள ஒக்காந்துகினு பெயிலு. அந்தப் பொண்ணு வெளிய ஒக்காந்துகினு பாஸு. இன்னா அர்த்தம்? அந்த எடத்துல ராசி கீது!"

"இடத்துல ஒண்ணும் இல்லீங்கய்யா. அந்தப் பொண்ணு மூளை..."

"மூளையா? சேரிப் பொண்ணுக்கா?" ஜம்புலிங்கம் வயிறு குலுங்கச் சிரித்தார். "இன்னியிலிருந்து எம் புள்ள அங்கதான் ஒக்காருவான்."

வேம்புலியம்மாள் சிலேட்டை அணைத்தபடி தன் ஒரு முழத் தரையைப் பார்த்தாள். இடம் போனால் படிப்பும் போச்சு, களைதான்.

சாணித் தண்ணீர் வந்தது. தீட்டுக் கழிய வேண்டும், ஆனால் ராசி கழிந்துவிடக் கூடாது. எவ்வளவு தெளிப்பது என்று ஒரே குழப்பம். கடைசியில் ஓரங்களில் மட்டும் தெளித்து, நடுவில் கற்பூரம் ஏற்றினார்கள்.

"அப்போ இந்தப் பொண்ணு?" என்றார் வாத்தியார்.

"நிறுத்திடு."

"இன்ஸ்பெக்டர் பேரை எழுதிட்டுப் போயிட்டாருங்களே. நிறுத்தினா சர்க்கார் மானியம் நின்னுடும். இனிமே உள்ளேதான் இடம் இருக்கு."

ஜம்புலிங்கம் மீசையைத் தடவினார். "எம் புள்ளதான் உள்ள இல்லியே! எவ எங்க ஒக்காந்தா எனக்கின்னா?"

வேம்புலியம்மாள் வாசற்படியைத் தாண்டினாள். சுவரில் தேசப்படம் தொங்கியது. இத்தனை நாள் காதால் மட்டும் கேட்ட கோதாவரி அதில் நீலமாக ஓடியது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை இவ்வளவு நாள் காட்டாமல் வைத்திருந்தார்களே என்று கோபமாகவும் இருந்தது.

மற்ற அப்பன்மார் சும்மா இருப்பார்களா? நாகப்பன் தன் மகனைக் கொண்டுவந்து வெளியே உட்கார்த்தினார். துலுக்கானம் தன் இரண்டு பையன்களையும் உட்கார்த்தினார். ஒரு வாரத்தில் நான்காம் வகுப்பு மொத்தமும் சுவரோரம் வெயிலில் வரிசையாக உட்கார்ந்து, ராசிக்காக இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. வகுப்பறையில் வாத்தியாரும் வேம்புலியம்மாளும் மட்டும் இருந்தார்கள்.

சேதி சேரிக்கு எட்டியது. தாயம்மாவால் நம்ப முடியவில்லை.

"நெசமாவே உன்னை உள்ள சேத்துக்கினாங்களாடி?"

"நம்மள எங்கம்மா சேத்துக்குவாங்க?" என்றாள் மகள், சிலேட்டைத் துடைத்தபடி. "நான் உள்ள போனேன். அவுங்க வெளிய போயிட்டாங்க."