நடுவில் ஒரு புள்ளி

அந்தப் போர்டு வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே பாப்பா அதன் பக்கம் போகாமல் சுற்றிப் போனாள்.

பார்த்தால் ஒன்றுமில்லை. உள்ளங்கை அளவு பச்சைத் தகடு, அதன் நடுவில் சின்ன ஜன்னல் போல ஒரு கண்ணாடி மூடி. அந்த மூடிக்கு அடியில் லட்சக்கணக்கான குட்டிக் கண்ணாடிகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்பதாக அண்ணன் சொன்னான். தூசியைவிடச் சின்னவை. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு கீல். இந்தப் பக்கம் சாய்ந்தால் விளக்கின் ஒளி லென்ஸ் வழியாக வெளியே போகும். அந்தப் பக்கம் சாய்ந்தால் உள்ளேயே ஒரு கறுப்புத் தகட்டில் விழுந்து அடங்கிவிடும். எந்தக் கண்ணாடி எப்போது எந்தப் பக்கம் சாயவேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்லும். அப்படித்தான் ஒளியால் படம் வரைவது.

அண்ணனுக்குப் பல் கட்டும் தொழில். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். அவன் செய்து, செதுக்கி, பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு இழைத்துக் கொடுப்பான். தலையில் எந்நேரமும் ஒரு பூதக்கண்ணாடி. சாப்பிடும்போதும் கழற்ற மாட்டான், நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொள்வான். அண்ணி அவனைக் கூப்பிடுவதே "பூதம்" என்றுதான். அச்சு எடுக்கும் பழைய மெஷின் போன மாதம் உயிரை விட்டுவிட்டது. புதிதாக வாங்க வக்கில்லாமல், இந்தப் போர்டை வாங்கி மெஷினைத் தாங்களே கட்டிவிடுவதென்று அண்ணன் கிளம்பிவிட்டான். ரெசின் என்ற பசையின் மேல் ஊதா ஒளியில் பல்லின் படம் விழுந்தால் விழுந்த இடம் கெட்டியாகும். அடுக்கடுக்காக அப்படிக் கெட்டியானால் ஒரு பல்.

பகல் வெளிச்சம் பட்டாலும் ரெசின் இறுகிவிடும் என்பதால் ஜன்னலெல்லாம் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது.

"காமாலை பிடிச்ச வீடு மாதிரி இருக்கு" என்றாள் அண்ணி, வாசற்படியில் நின்று. உள்ளே வர அவளுக்கு அனுமதியில்லை. அவள் உடுத்தியிருந்த நைலான் புடவையில் மின்சாரம் சேருமாம். தொட்டால் போர்டு போய்விடுமாம்.

"அங்கயே நில்லு" என்றான் அண்ணன்.

"நிக்கிறேன், நிக்கிறேன். கட்டின பொண்டாட்டி தொட்டா பொசுங்கிடுற சாமானை எவனாவது வீட்டுக்குள்ள வைப்பானா? பாப்பா, நீ ஜாக்கிரதை. ஏதாச்சும் ஆச்சுன்னா பழி உன் தலையிலதான்."

பாப்பாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. கதவை யாராவது படாரென்று சாத்தினால் இன்னும் தூக்கிவாரிப்போடும். கம்ப்யூட்டர் வேலை அவள் பங்கு: டாக்டர்கள் அனுப்பும் தாடை அளவுகளை அடுக்கடுக்கான படங்களாக அறுத்து வைப்பாள். உடம்பில் மின்சாரம் சேராமலிருக்க மணிக்கட்டில் பட்டை கட்டி, பட்டையின் ஒயரை மேசைக் காலில் மாட்டிக்கொண்டு, கட்டிப்போட்ட ஆடு மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் போர்டுக்கும் விளக்குக்கும் நடுவே தட்டையான ஒரு ஒயரைச் செருகினான். மூச்சை அடக்கிக்கொண்டு செருகினான். அவளும் கூடவே அடக்கினாள்.

"நல்லாக் கேட்டுக்க. இதுல ஒரே ஒரு சட்டம்தான். கரண்ட்டை நிறுத்துறதுக்கு முன்னாடி கண்ணாடியையெல்லாம் தூங்க வைக்கணும். படக்குனு புடுங்குனா சாய்ஞ்சது சாய்ஞ்ச இடத்துலயே ஒட்டிக்கும். அப்புறம் எழுந்திரிக்காது. செத்த கண்ணாடி செத்ததுதான். படத்துல அந்த இடத்துல எப்பவும் ஒரு கறுப்புப் புள்ளி. பல்லுல ஓட்டை விழும்."

"புடுங்கவே மாட்டேன்."

"வீடு பத்தி எரிஞ்சாலும்?"

"எரிஞ்சாலும்."

சொன்னதோடு நிற்காமல், சுவர் ஸ்விட்சின் மேல் ஒரு வெள்ளை டேப்பைக் குறுக்கே ஒட்டி, தடித்த எழுத்தில் எழுதினான்: தூங்க வைக்காமல் தொடாதே. "தொட்டில்ல பிள்ளை தூங்குற வீட்லகூட இவ்வளவு கெடுபிடி கிடையாது" என்று சொல்லிக்கொண்டே அண்ணி சமையலறைக்குப் போனாள்.

போர்டை ஆட்டிவைக்கும் மென்பொருளை அண்ணனே எழுதியிருந்தான். தமிழிலேயே பொத்தான்கள்: ஓடு, நில், தூங்கு. 'நில்' அமுக்கினால் அந்தக் கணமே பொத்தான் சிவப்பாகி 'நின்றது' என்று மாறும். முதலில் அப்படி இல்லை. போர்டு பதில் சொல்லும்வரை சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "அமுக்குன உடனே மாறணும், அப்பதான் கைக்கு அடங்குன சாமான் மாதிரி இருக்கும்" என்று மாற்றிவிட்டான். அவளுக்கும் அது பிடித்திருந்தது. இவ்வளவு பயத்துக்கு நடுவில், சொன்னதைக் கேட்கும் பொருள் ஒன்றாவது இருக்கிறதே என்று பட்டது.

எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, லென்ஸைத் தாளின் பக்கம் திருப்பிவைத்தார்கள். முதல் படம் கட்டம் கட்டமான ஒரு பலகை. ஒரு கட்டம் ஒளி, ஒரு கட்டம் இருட்டு. செத்த கண்ணாடி இருந்தால் இதில் தெரிந்துவிடும். தாளில் ஊதாவும் கறுப்புமாகக் கட்டங்கள் எழுந்து நின்றன. ஒரு புள்ளிகூடப் பழுதில்லை.

"அடி சக்கை!" என்று அண்ணன் தொடையைத் தட்டினான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்து, ரெசின் இல்லாமல் ஒரு கடைவாய்ப்பல்லை ஓட்டிப் பார்த்தார்கள். ஓர் அடுக்கின் படம் கொஞ்ச நேரம் தாளில் விழும். பிறகு எல்லாக் கண்ணாடிகளும் மறுபக்கம் சாய்ந்து இருட்டாகும். அடுத்த அடுக்குக்கு மெஷின் நகர அந்த இடைவெளி. பிறகு மறுபடி படம். விளக்கு என்னவோ உள்ளே எரிந்துகொண்டேதான் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அணைந்த மாதிரியே தோன்றும்.

ஓரத்தில் மயிர் போல ஒரு நிழல் விழுவதை அண்ணன் பார்த்துவிட்டான். "லென்ஸ்ல தூசி. நிறுத்து."

இருட்டு இடைவெளியில் அவள் 'நில்' அமுக்கினாள். பொத்தான் சிவந்தது. நின்றது.

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு."

அண்ணன் மேசையைச் சுற்றிப் போய், லென்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் குனிந்தான். வழக்கம்போல நெற்றியிலிருந்த பூதக்கண்ணாடியை இறக்கி வலது கண்ணில் வைத்துக்கொண்டான். பல்லைப் பார்க்கிற மாதிரியே, மூக்கு இடிக்கிற கிட்டத்தில் லென்ஸுக்குள் பார்த்தான்.

"ஒரு நூல் மாதிரி ஏதோ... இரு இரு... ஊதாவா பூ மாதிரி விரியுதே, என்னது இது?"

அவள் நிமிர்ந்தாள். அவன் கன்னத்தில், யாரோ மை தொட்டு வரைந்தது போல, ஒரு கடைவாய்ப்பல்லின் வடிவம் ஊதாவாகக் கிடந்தது. அதன் மறுபாதி பூதக்கண்ணாடிக்குள் போயிருந்தது.

கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. 'நில்' அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். நின்றது, நின்றது என்று பொத்தான் சத்தியம் செய்தது. 'தூங்கு' அமுக்கினாள். தூங்கியது என்றது. ஒளி அப்படியே இருந்தது.

கை தானாகச் சுவர் ஸ்விட்சுக்குப் போனது. டேப்பில் விரல் பட்டது. தூங்க வைக்காமல் தொடாதே.

அங்கே அவள் நின்றுவிட்டாள். எவ்வளவு நேரம் என்று பின்னால் எத்தனை தரம் யோசித்தும் அவளால் சொல்ல முடியவில்லை. ஒரு மூச்சு இருக்கலாம். இரண்டு இருக்கலாம். வீட்டின் மொத்தப் பிழைப்பும் அந்த மூடிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது என்பது மட்டும் மண்டைக்குள் ஓடியது.

பிறகு டேப்போடு சேர்த்து ஸ்விட்சைத் தட்டினாள்.

மின்விசிறி நின்றது. விளக்கு செத்தது. அண்ணன் நிமிர்ந்தான்.

"என்ன பண்ண?"

"அண்ணா, உன் கண்ணு..."

"தூங்க வெச்சியா? கேட்டதுக்குப் பதில் சொல்லு. தூங்க வெச்சியா?"

"கேக்கல அண்ணா. அமுக்குனேன், அது கேக்கவே இல்ல. வெளிச்சம் உன் கண்ணுல..."

"கண்ணுக்கு என்ன கேடு வந்துச்சு? மங்கலா ஊதாவா இருந்துச்சு, அவ்ளோதான். ஒரே ஒரு சட்டம் சொன்னேன். ஒண்ணே ஒண்ணு! அதைக்கூட உன்னால..."

அவன் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. சத்தம் கேட்டு அண்ணி கரண்டியோடு ஓடிவந்து படியில் நின்றாள். இந்த முறை வேடிக்கை பேசவில்லை.

கம்ப்யூட்டருக்குப் பின்னால் பார்த்தபோது விஷயம் புரிந்தது. போர்டுக்குப் போகும் ஒயரின் முனை பாதி வெளியே வந்திருந்தது. தாளை ஒட்டுவதற்காக மேசையை நகர்த்தியபோது இழுபட்டுத் தளர்ந்து, பல் ஓடும்போது கழன்றிருக்கவேண்டும். இவர்கள் சொன்ன எதுவும் போர்டின் காதில் விழவே இல்லை. தன் நினைவிலிருந்த பல்லை அது பாட்டுக்கு அடுக்கடுக்காக ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பொத்தான் மட்டும் போர்டைக் கேட்காமலே ஆமாம் போட்டிருக்கிறது.

அண்ணன் ஒயரை அழுத்திச் செருகினான். கண்ணைக் கசக்கிக்கொண்டான். வலது கண்ணை மட்டும்.

"போடு. கட்டத்தைப் போடு. எத்தனை செத்திருக்குன்னு பார்ப்போம்."

அவள் ஸ்விட்சைப் போட்டாள். எந்தக் கடவுளிடமாவது ஒன்றைக் கேட்கலாம் என்றால் அந்த நேரத்தில் அவள் போர்டைத்தான் கேட்டாள். நல்லா இருந்துடு, நல்லா இருந்துடு.

கட்டங்கள் சுவரில் எழுந்தன.

"போச்சு" என்றான் அண்ணன். குரலில் கோபம் வடிந்திருந்தது. "பாரு. நடுவுல ஒரு புள்ளி. பெரிசாவே போயிருக்கு. ஒரு கூட்டமே செத்துடுச்சு."

அவள் பார்த்தாள். நடுவில் ஒரு புள்ளியும் இல்லை.

தாளுக்கு ஒரு சாண் தூரம்வரை போனாள். கட்டத்துக்குக் கட்டம் கண்ணால் தடவினாள். ஒளி ஒளியாக இருந்தது, இருட்டு இருட்டாக இருந்தது. ஓரங்கள் கத்தியால் வெட்டியது போல இருந்தன.

"எங்கண்ணா?"

"நடுவுலதான். கண்ணு தெரியலையா உனக்கு?"

ஒரு ஒளிக்கட்டத்தின் மேல் விரல் வைத்தாள். "இங்கயா?"

"ஆமா, அங்கதான். உன் விரலையே காணோம்."

விரலை ஓரத்துக்கு நகர்த்தினாள். அவன் பார்வையும் கூடவே போனது. "இப்ப?"

"இப்ப... அங்க இருக்கு." நிறுத்தினான். "அதெப்படி அங்க போச்சு?"

இன்னொரு கட்டத்தைக் காட்டினாள். புள்ளி அங்கேயும் வந்தது. சற்று முன்வரை எது நடக்கக்கூடாது என்று கும்பிட்டாளோ அதையே இப்போது கேட்டாள்: ஒரு கண்ணாடியாவது செத்திருக்கட்டும். ஒன்றே ஒன்று. போர்டு எழவாகிப் போகட்டும்.

"அண்ணா, வலது கண்ணை மூடிக்கிட்டுப் பாரு."

"எதுக்கு?"

"மூடேன்."

மூடினான். வெகுநேரம் சுவரையே பார்த்தான். அண்ணி கரண்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றான் மெதுவாக. "புள்ளி இல்ல."

"இப்ப இடதை மூடு."

மூடினான். அவன் முகம் கலைவதை அவள் பார்த்தாள். அதற்கப்புறம் அவனிடம் எதையும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

அண்ணிதான் முதலில் அசைந்தாள். நைலான் புடவையோடு உள்ளே வந்து, மேசையை இடித்துக்கொண்டு போய் அவன் கையைப் பிடித்தாள். "எழுந்திருங்க. ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பாப்பா, ஆட்டோவைக் கூப்பிடு."

"தூங்க வெச்சிட்டு..." என்று ஆரம்பித்த அண்ணன் பாதியிலேயே விட்டுவிட்டான். போர்டின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கண் டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளை அட்டையை நீட்டினார். அதில் கட்டம் கட்டமாகக் கோடுகள், நடுவில் ஒரு புள்ளி. அதைக் கண்டதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எந்தக் கட்டம் தெரியலைன்னு சொல்லுங்க."

அண்ணன் அட்டையைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "நடுவுல இருக்கிறது எதுவுமே தெரியல டாக்டர்."

"விழித்திரையில சுட்டிருக்கு. பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்ததால ஒரே இடத்துல குவிஞ்சிருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருந்தா ஆறுமான்னு கேட்கவே வேண்டியிருக்காது."

அந்தக் 'கொஞ்ச நேரம்' அவள் காதில் ஊசியாக இறங்கியது.

"இப்ப ஆறுமா?" என்று கேட்டாள் அண்ணி. "இவருக்குக் கண்ணுதாங்க தொழில்."

"இப்ப சொல்ல முடியாது. சில பேருக்குச் சுருங்கும். தினமும் காலையில இதே அட்டையைப் பாருங்க. தெரியாத இடத்தைச் சுத்தி பென்சில்ல கோடு போடுங்க."

அட்டையை அந்த மஞ்சள் அறைச் சுவரில்தான் மாட்டினார்கள், முன்பு தாள் ஒட்டிய இடத்தில். காலையில் அண்ணன் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அதன் முன்னால் நிற்பான். பென்சிலை எடுப்பான். அவள் பின்னால் நின்று அவன் முழங்கையையே பார்ப்பாள். கை எவ்வளவு பெரிய வட்டம் போடுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். நேற்றையதைவிட இன்றையது சின்னதா என்று கேட்க மாட்டாள். அவனும் சொல்ல மாட்டான். சில நாள் கோடு உள்ளே வருகிற மாதிரி இருக்கும். சில நாள் இருக்காது.

ஸ்விட்சின் மேல் இப்போது டேப் இல்லை. அத்தனைக்குப் பிறகும் போர்டுக்கு ஒரு கேடும் வரவில்லை. பல் வேலை ஓடிக்கொண்டிருந்தது. நிறம் பார்ப்பதை மட்டும் அண்ணன் இடது கண்ணால் செய்தான், இரண்டு மடங்கு நேரம் எடுத்து. மென்பொருளையும் மாற்றியிருந்தான். 'நில்' அமுக்கினால் பொத்தான் உடனே சிவக்காது. போர்டு பதில் சொல்லும்வரை வெறுமனே சுற்றும்.

"நின்னுடுச்சா?" என்று கேட்பான் அண்ணன், கை எட்டாத தூரத்தில் நின்று, இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு.

அவள் விரலை ஸ்விட்சின் மேல் வைத்தபடி அந்தச் சுற்றும் வளையத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இரு அண்ணா. இன்னும் சொல்லல."