வெள்ளை தனி, கலர் தனி

லாண்டரிக்காரர் துறவு பூண்ட அன்று வீட்டில் யாரும் அழவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய குறை. தானே சாயத்தில் முக்கியெடுத்த காவி வேட்டிக்குப் பழக்கதோஷத்தில் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். மனைவி காலைப் பிடித்துக்கொண்டு கதறுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் துணி மூட்டையை அவிழ்த்தபடியே, "மத்தியானம் சாப்பிட வருவீங்கல்ல?" என்றாள்.

வந்தார். வயிறு முட்டச் சாப்பிட்டார். கடைக்கு மேலே இருந்த அறையே ஆசிரமம் ஆயிற்று. உபன்யாசம் கேட்டுக் கேட்டு அவர் காதில் தங்கியது ஒரே விஷயம்: எல்லாம் ஒன்று, பேதம் பார்ப்பதே துன்பம். நல்ல விஷயம்தான். ஆனால் லாண்டரி என்பதே பேதம் பார்க்கிற தொழில். இது யார் சட்டை, அது யார் பாவாடை, வெள்ளை தனி, கலர் தனி. மனைவி பொழுதெல்லாம் குனிந்து பிரித்து வைப்பாள்; இவர் மாடிப்படியில் உட்கார்ந்து, "மாயை, மாயை" என்று உச்சுக் கொட்டுவார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று முதல்முறையாக டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளை அனுப்பியது. சாயங்காலமே திருப்பித் தர வேண்டும். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் இனி ஆஸ்பத்திரித் துணி எல்லாம் இங்கேதான். படுத்துக் கிடக்கிற கடை எழுந்துகொள்ளும். மனைவி கோட்டுகளை மெஷினில் அடுக்கிவிட்டு, சோப்புத்தூள் வாங்க ஓடினாள்.

சாமியார் அவிழ்த்துப் போட்ட அழுக்குக் காவியைக் கையில் சுருட்டிக்கொண்டு கீழே வந்தார். மெஷினைத் திறந்ததும் கை ஒரு கணம் தயங்கியது. தொழில் தெரிந்த கை அல்லவா. "எல்லாம் ஒண்ணுதானே" என்று அதட்டி அடக்கி, காவியை உள்ளே தள்ளி, இருந்த சோப்பைப் போட்டு மெஷினை ஓடவிட்டார்.

மனைவி திரும்பி வந்து திறந்தபோது டாக்டர்கள் அத்தனை பேரும் துறவு பூண்டிருந்தார்கள்.

ஒரு கோட்டை உருவி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "என்னங்க இப்படிப் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"வெள்ளைன்னும் காவின்னும் நீதான் பிரிச்சுப் பார்க்கறே. ஆத்மாவுக்கு ஏது கலர்?"

அவள் விறுவிறுவென்று மாடி ஏறினாள். இறங்கும்போது கையில் ஒரு வெள்ளைப் பட்டுச் சட்டை. எல்லாவற்றையும் துறந்த மனிதர், எதற்கும் இருக்கட்டும் என்று பாய்க்கு அடியில் பத்திரப்படுத்திய சட்டை. அவளுக்குத் தெரியாமல் அந்த வீட்டில் ஏது? மெஷின் கக்கிய காவித் தண்ணீர் வாளியில் நின்றது. அதற்கு மேலே சட்டையைத் தூக்கிப் பிடித்தாள்.

"ஆத்மாவுக்குத்தான் கலர் கிடையாதே. போட்டுடறேன்."

"ஏய், ஏய்! விடு! அது என்னோட சட்டைடி!"

தெருவே திரும்பிப் பார்த்தது.

"வந்துட்டீங்களா? வாங்க" என்றாள் அவள், சட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு. "சாயங்காலத்துக்குள்ள கோட்டெல்லாம் வெளுத்தாகணும். இல்லேன்னா இதுக்கும் காவிதான்."

சாமியார் கட்டியிருந்த காவியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டினார். சாயம் போக்கும் மருந்தைக் கலக்கினார், ஊறவைத்தார், கசக்கினார், தேய்த்தார். பொழுது சாய்வதற்குள் கோட்டுகள் பளிச்சென்று வெளுத்துவிட்டன. கடைசிக் கோட்டை மடித்து வைத்தவர், வியர்வையைக்கூடத் துடைக்காமல் கையை நீட்டினார்.

"என் சட்டை எங்கே?"