கதிர்வேலின் பாரசீகம்

என் புருஷன் தனபாலை ஈரானுக்குக் கப்பல் பட்டறை வேலைக்கு அனுப்பியவன் திருச்செங்கோட்டு ஏஜென்ட் கதிர்வேல். ஒப்பந்தம் முடிந்தும் ஆள் வரவில்லை, போனும் இல்லை. "ஜெயில்ல இருக்காப்லைங்க. கலெக்டரு, போலீஸுன்னு போனீங்கன்னா கேசு இறுகிப்போயிரும்" என்றான். ஈரானில் பல வருஷம் இருந்தவன், அவர்கள் மொழியான பாரசீகம் பேசுவான். அதனால் எங்கள் வீட்டில் அவன் சொன்னதே வேதம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் புருஷனைப் பற்றி எவனோ எனக்கு அர்த்தம் சொல்வதா? தறி ஓட்டிக்கொண்டே செல்போனில் பாரசீகம் படித்தேன். "கிறுக்கு முத்திப்போச்சு" என்று எங்கள் ஊர் மல்லசமுத்திரமே சிரித்தது. சிரிக்கட்டும்! நம்மைப் போலவே அவர்களும் வினைச்சொல்லைக் கடைசியில்தான் வைக்கிறார்கள். வேலைக்குக் 'கார்', வீட்டுக்குக் 'கானே'. சேர்த்தால் 'கார்கானே', நம் பட்டறை. இதற்கா பயப்படுவேன்?

நேற்று கதிர்வேல் வீட்டுக்கே வந்தான். என் மாமனார் வெள்ளியங்கிரி நாற்காலி எடுத்துப் போட்டார். "ஜெயில் ஆபீசருகிட்டயே பேசறனுங்க" என்று போனை ஸ்பீக்கரில் வைத்தான்.

அந்தப் பக்கத்து ஆள் நிதானமாகத்தான் பேசினான். தனபால் கார்கானேயில் இருக்கிறானாம். ஊருக்குப் போகணும் என்று அழுகிறானாம். அனுப்பட்டுமா, இல்லை உன் மாசக் கமிஷன் தொடரட்டுமா?

"வேண்டாம், குடும்பம் ராஜி" என்று பாரசீகத்தில் பதில் சொன்னான் கதிர்வேல். நம் பஞ்சாயத்தில் புழங்கும் அதே ராஜி, சம்மதம். பிறகு மாமனாரைப் பார்த்து உச்சுக்கொட்டினான். "தண்டனைய இன்னொரு வருசம் நீட்டிட்டாங்களாமுங்க."

அடப்பாவி! போனைப் பிடுங்கினேன்.

"மா ராஜி நீஸ்தீம்!" நாங்கள் சம்மதிக்கவில்லை என்று கத்தினேன். "மன் ஹம்சரெ தனபால் ஹஸ்தம்!" தனபாலின் மனைவி நான். அவர்கள் மொழியில் மனைவி 'ஹம்சர்', கூட இருக்கும் தலை. குனிகிற தலை இல்லை.

"அம்மணி, பெரியவங்க பேசறப்ப..." என்று மாமனார் எழுந்தார்.

"மாமா, உங்க பையன் ஜெயில்ல இல்லீங்க. பட்டறையில கெடக்கறாரு. விடட்டுமான்னு அவங்க கேக்கறாங்க, வேண்டாங்கறது இவன்தான்!"

கதிர்வேல் போனுக்குக் கை நீட்டினான். மாமனார் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை.

அந்தப் பக்கம் யாரோ "தனபால்!" என்று கூப்பிட்டார்கள். மெஷின் சத்தம் நின்றது.

"யாருங்க?" பயந்த குரல்.

"நாந்தானுங்க. பொட்டியக் கட்டுங்க."